ஒரே வரிசையில் நிற்க வைத்தவர்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, சாயப் பிரிவுத் தோழர்களே, நூற்புப் பிரிவுத் தாய்மார்களே, வாசலில் கைப்பட்டையோடு நிற்கும் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம்!

நம் மில் சங்கச் செயலாளர், பசித்தோரின் பாதுகாவலர், என் மச்சான் நெட்டையார் மறைந்துவிட்டார். அவருக்கு என் தங்கையைக் கட்டிக்கொடுத்தவன் நான். சங்கத்தில் சேர்த்தவன் நான். மேடையில் முழங்கக் கற்றுக்கொடுத்தவனும் நானே! முன்வரிசையில் தங்கை 'இல்லை' என்று தலையை ஆட்டுகிறாள். சரி, மைக் பிடிக்க மட்டும் கற்றுக்கொடுத்தேன்.

'இடிமுழக்கம்' என்று தன்னைத்தானே அழைத்துக்கொள்ளும் அந்தக் கட்சித் தலைவரை, மில் ஓடிய காலத்தில் யார் மதித்தார்கள்? கூட்டத்துக்கு எட்டுப் பேர் வருவார்கள். அதில் இரண்டு பேர் ஒலிபெருக்கிக்காரர்கள்! பிறகு மில் மூடியது. விலைவாசி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வங்கி வாசலில் பூட்டு. அதே மனிதர் அதே பேச்சைப் பேசினார், மைதானம் கொள்ளவில்லை! பசி வந்தால் காது அடைக்கும் என்பார்கள். யார் சொன்னது? பசி வந்தால் காது திறந்துகொள்கிறது ஐயா! எவன் எதை ஊற்றினாலும் உள்ளே போகிறது. மில்லை மூடியது முதலாளி. அவர் பேச்சில் பழி விழுந்ததோ, ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வந்து சாயத்தொட்டியில் நம்மோடு நின்றவன் மேல்!

அப்போதுதான் மில் கேன்டீனில் மச்சான் அடுப்பு மூட்டினார். தினமும் ஐயாயிரம் பேருக்குக் கஞ்சி! தங்கை முறைக்கிறாள். ஐந்நூறு பேருக்கு. அது குறைவா? ஒருநாள் கைப்பட்டை கட்டிய இடிமுழக்கத்தின் ஆட்கள் லாரி நிறைய மாவு கொண்டுவந்தார்கள். ஒரே நிபந்தனை: அக்கரைக்காரர்களுக்குத் தனி வரிசை, மற்றவர்கள் குடித்த பிறகுதான் அவர்களுக்கு.

"வெறும் வரிசைதானேண்ணே, வாங்கிப் போடுங்க," என்றார் நூற்புப் பிரிவு மேஸ்திரி.

"இன்னிக்கு வரிசையைப் பிரிப்பான். நாளைக்குத் தெருவைப் பிரிப்பான். அடுத்து எதைப் பிரிக்கலாம்னு உன்னைக் கூப்பிட்டா கேப்பான்?" என்றார் மச்சான். லாரி திரும்பிப் போனது.

அவரைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அதே லாரி இப்போது வெளியே நிற்கிறது! அடுத்த செயலாளர் நான் என்பதால் என்னிடமே சொல்லிவிட்டார்கள்: இந்த உரையின் முடிவில் 'நிபந்தனையை ஏற்றுக்கொள்கிறோம்' என்று நான் அறிவிக்க வேண்டுமாம். இல்லாவிட்டால்? அதை அவர்கள் சொல்லவில்லை. கேன்டீனிலோ, மூட்டையை உதறி எடுக்கும் மாவுதான் மிச்சம்.

காலையில் தங்கை கேட்டாள்: "அண்ணே, மேடையில என்ன சொல்லப் போறே?"

"ரெண்டு பக்கமும் நோகாம சமாளிச்சுடுவேம்மா."

"எல்லாரும் சமாளிச்சு சமாளிச்சுத்தானே அவன் இவ்ளோ பெரிய ஆளாயிட்டான்?"

எழுதி வைத்திருந்த உரையைக் கிழித்துப் போட்டேன். நான்!

பெரியோர்களே, மச்சானின் படத்துக்கு முன்னால், சங்கத்தின் பெயரால் அறிவிக்கிறேன்: லாரியைத் திருப்பிக்கொண்டு போங்கள்! நாளைக் காலை கஞ்சி தண்ணீராகத்தான் இருக்கும். ஆனால் அடுப்பு எரியும். வரிசை ஒன்றுதான். கரண்டி என் கையில். சிந்தினால் திட்டாதீர்கள்.

வாசலில் நிற்கும் தம்பிகளே, உங்கள் வீட்டு அடுப்பும் அணைந்து கிடப்பது எனக்குத் தெரியும். கிண்ணத்தோடு வாருங்கள். உங்களுக்கு முன்னால் யார் நிற்கிறார் என்று பார்க்காமல், பின்னால் வந்து நில்லுங்கள்.