பேரிக்காயில் வைத்த புள்ளி

விளக்கைக் குறையுங்கள். போர்வையைப் பிடித்து இழுக்காதீர்கள். பயமாக இருந்தால் இப்போதே எழுந்து போகலாம்... போகமாட்டீர்கள், தெரியும்.

என் சிநேகிதியின் பெரியப்பாவுக்கு நடந்தது. விடியக் கொஞ்ச நேரம் இருந்தது. ஆற்றோரச் சாலையில் ஒரு நாய்கூட இல்லை. மனைவி எழுவதற்குள் பட்டறைக்குப் போய்விட வேண்டும் என்று வேகமாக நடந்தார்.

இருவருக்கும் ஒரே தொழில். பழைய ஓவியங்களின் அழுக்கை எடுப்பார்கள், உதிர்ந்த இடத்தில் மட்டும் வண்ணம் வைப்பார்கள். அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். ஆனால் வருகிறவர்களெல்லாம், "அம்மா கையால செஞ்சா போதும்" என்பார்கள். மனிதர் சிரித்துக்கொண்டே அவர்களுக்குத் தேநீர் ஊற்றுவார். வயிறு எரியும்.

அந்த வாரம் ஒரு படம் வந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படம். ரோஜாக்கள், கறுப்புத் திராட்சை, நடுவில் மஞ்சள் பேரிக்காய். அவள் துடைக்கத் துடைக்க, பேரிக்காய் நேற்றுப் பறித்ததுபோல வந்தது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அவருக்குத் தூக்கம் போயிற்று.

அந்தத் தொழிலில் ஒருவர் தூரிகையை இன்னொருவர் தொடமாட்டார், கட்டிய பெண்டாட்டியுடையதாக இருந்தாலும். அன்று விடியலில் அவர் தொட்டார். பழி அவள்மேல் விழட்டும் என்று, அவளுடைய தூரிகையாலேயே பேரிக்காயில் ஒரு பழுப்புப் புள்ளி வைத்தார். அழுகல் மாதிரி. அச்சு அசல்.

அப்போதே வாசனை வந்தது... வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் வாசனை இல்லை. கனிந்து, கனிந்து, கெட்டுப்போன பழம்.

சாயங்காலம் படத்தின் சொந்தக்காரர் வந்து கத்தினார். "உங்கள நம்பித்தானேம்மா குடுத்தேன்!" அவள் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்குள் புள்ளி காசளவு ஆகியிருந்தது. பெரியப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது. பஞ்சை நனைத்துத் துடைத்தார்.

ஒரே துடைப்பு. சுத்தமாகப் போய்விட்டது.

அப்பாடா என்று வீட்டுக்கு ஓடினார். நடந்ததையெல்லாம் சொல்லி அவள் காலில் விழுவதாகத்தான் நினைப்பு. கதவைத் திறந்தால்... அதே வாசனை.

"ஏங்க, இங்க கொஞ்சம் பாருங்களேன்," என்று வலது கையை நீட்டினாள்.

தூரிகை பிடிக்கும் கட்டைவிரலில், காசளவு பழுப்பு. அவர் மெல்ல அமுக்கினார். குழிந்தது... மறுபடி எழவில்லை. விரலோரமாகச் சாறு வழிந்தது.

"பயப்படாதீங்க," என்றாள் அவள். "வலிக்கவே இல்லைங்க."