செங்கல் சூளைக்கு மேலே கேட்ட பேச்சு

மேலே குறித்த பெயரும் முகவரியும் என்னுடையவை. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. சிறு பயணிகள் விமானம் ஒன்றில் தலைமை விமானியாக வேலை பார்க்கிறேன். கணவரும் கல்லூரியில் படிக்கும் மகளும் இருக்கிறார்கள்.

மற்ற விமானத்தை ஓட்டியவரை எனக்கு முன்பே தெரியுமா என்று கேட்டதற்குச் சொல்கிறேன். தெரியும். நாங்கள் இருவரும் ஒரே பறக்கும் கழகத்தில் ஒரே விமானத்தை மாற்றி மாற்றி ஓட்டிப் பயின்றவர்கள். ஆள் அவ்வளவு ஒல்லி என்பதால் குண்டூசி என்று கூப்பிடுவோம். பயிற்சி முடிந்ததும் நான் வேலைக்குப் போனேன். அவர் தன் அப்பாவின் அச்சகத்தைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார். ஓய்வு நாட்களில் கழகத்து விமானத்தை எடுத்துப் பறப்பார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். கடைசியாக அவரைப் பார்த்தது என் கல்யாணத்தில். எங்களுக்குள் முன்விரோதம் எதுவும் கிடையாது.

சம்பவத்தன்று மாலை பயணிகளோடு வந்துகொண்டிருந்த நான் ஏரிக்கு மேலே வந்ததும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை அழைத்தேன். அந்த நிலையத்தில் ரேடார் இல்லை. கட்டுப்பாட்டாளர் கண்ணால் பார்ப்பதையும் விமானிகள் வாயால் சொல்வதையும் வைத்துத்தான் வேலை நடக்கும். ஆற்றுக்கு வடக்கே ஒரு சிறு விமானம் சுற்றிக்கொண்டிருக்கிறது, அது ஆற்றைத் தாண்டாது, நீங்கள் தெற்குப் பக்கமாக இறங்கி வரலாம் என்று அவர் கூறினார். நான் அதை அப்படியே திருப்பிச் சொல்லி உறுதி செய்தேன். அதன் பிறகு அவர் குரல் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு ஆணும் பெண்ணும் பேசிக்கொள்வது கேட்டது.

"கல்யாணமாகி இத்தனை வருஷம் என்கூடப் பறக்க வான்னு கெஞ்ச விட்டுட்டியே. இப்பப் பாரு, ஒண்ணும் ஆகலல்ல?"

"முதல்ல நேராப் பாத்து ஓட்டுங்க."

அந்த விமானத்து வானொலியின் பேசும் பொத்தான் அழுந்தியபடியே சிக்கிக்கொண்டது என்று புரிந்துகொண்டேன். ஒரு அலைவரிசையில் ஒருவர் பேசினால் மற்றவர் பேச முடியாது. கோபுரம் அவர்களை எச்சரிக்கவும் முடியாது, என்னை அழைக்கவும் முடியாது. பேசுகிறவர்களுக்கோ ஊரே கேட்டுக்கொண்டிருப்பது தெரியாது. குரலைக் கேட்டதுமே அது குண்டூசி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. குரலுக்கு மட்டும் வயதாகவே இல்லை.

அதன் பிறகு அவர் தன் மனைவியிடம் கழகத்தில் நாங்கள் தங்கியிருந்த தகரக் கொட்டகையைப் பற்றிச் சொன்னார். எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு அலாரக் கடிகாரம் இருந்தது, சத்தம் போதாது என்று அதை வாளிக்குள் வைப்போம் என்றார். அது உண்மைதான். அடித்ததும் வாளியை யாராவது எட்டி உதைப்பார்கள். பிறகு என்னைப் பற்றிப் பேசினார். "ஒருத்தி இருந்தா. முதல் தடவ தனியாப் பறந்து இறங்கினப்ப ஓடுபாதையில மூணு குதி குதிச்சா. அன்னியிலேர்ந்து அவ பேரு தவளை." என் துணை விமானி சிரித்துவிட்டு, "மன்னிச்சிருங்க மேடம்" என்றார். நானும் சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை.

இந்தப் பழங்கதை எல்லாம் விசாரணைக்கு எதற்கு என்று தாங்கள் கேட்டீர்கள். அடுத்து அவர் சொன்னது இதுதான்:

"அதோ சூளைப் புகைபோக்கி தெரியுதா? அதுக்கு நேர் மேல போனா சூடான காத்து அடியிலேர்ந்து தூக்கும். ரெண்டாயிரம் அடியில தொட்டில்ல போட்டு ஆட்டற மாதிரி இருக்கும். இரு, காட்டறேன்."

அந்தப் பக்கத்தில் சூளை ஒன்றுதான். அது ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது. பயிற்சி நாட்களில் அந்தத் தொட்டிலுக்காகவே நாங்கள் இருவரும் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போவதுண்டு. நான் அப்போது அதே சூளையை நோக்கி, அதே உயரத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். எதிர் வெயிலில் முன்னால் எதுவும் தெரியவில்லை. அனுமதி கேட்க வழியில்லாததால், இறங்குவதை நிறுத்தி நானாகவே விமானத்தை மேலே ஏற்றினேன். பின்னால் பயணிகள் கத்தினார்கள். அடுத்த கணம் இடது சன்னலுக்குக் கீழே அந்த விமானம் கடந்து போனது. கண்ணாடிக்குள் ஒரு கை புகைபோக்கியைச் சுட்டிக் காட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவ்வளவு பக்கம்.

அதன் பிறகு நான் ஏரிப் பக்கம் திரும்பினேன். துணை விமானி இரண்டாவது வானொலியில் வட்டாரக் கட்டுப்பாட்டு மையத்தைப் பிடித்து விவரம் சொன்னார். அவர்கள் கோபுரத்துக்குத் தொலைபேசியில் தெரிவித்தார்கள். கோபுரத்திலிருந்து, வானொலியில் எட்டாத விமானங்களை எச்சரிக்கும் சிவப்பு விளக்கை அந்த விமானத்தை நோக்கிக் காட்டினார்கள்.

"என்னங்க, அங்க செவப்பா ஏதோ லைட்டு?" என்று அந்த அம்மா கேட்பது அலைவரிசையில் வந்தது. பிறகு அவர் "ஐயோ" என்றார். பொத்தான் விடுபட்டது. கட்டுப்பாட்டாளர் முதலில் அவரை இறக்கி, பிறகு என்னை இறக்கினார். யாருக்கும் காயமில்லை.

தரையில் அவர் விமானத்தின் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். "மேல நீயா?" என்றார். நானேதான் என்றேன். "பேச்சு சுவாரசியத்துல ஆத்தப் பாக்கவே இல்ல. எனக்காக எதையும் மாத்திச் சொல்லாத. உள்ளத உள்ளபடி சொல்லிடு" என்றார். அதன்படியே சொல்லியிருக்கிறேன். பொத்தான் சிக்கியது இயந்திரக் கோளாறு. ஆற்றைத் தாண்டியது அவர் தவறு.

அவர் மனைவிக்கு நடந்தது எதுவும் அப்போது தெரியாது. நான் யாரென்று அவர் சொன்னதும், என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "இவ்வளவு நேரம் உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டு வந்தார்" என்றார். அதெல்லாம் எனக்கும் கேட்டது என்று நான் சொல்லவில்லை.

மறுநாள் அந்த அம்மா எனக்குத் தொலைபேசியில் பேசினார். கணவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார் என்றும், இனி விமானத்தைத் தொடப்போவதில்லை என்று சாவியைக் கழகத்தில் கொடுத்துவிட்டு வந்தார் என்றும் கூறி அழுதார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: "வீட்டுல அவர் நாலு வார்த்தைக்கு மேல பேச மாட்டார். நேத்துதான் அவ்வளவு பேசிக் கேட்டேன். கோபுரத்துல எல்லாப் பேச்சும் பதிவாகுமாமே?"

பதிவாகும் என்று சொன்னேன். அந்த ஒலிப்பதிவு இப்போது தங்கள் வசம் இருப்பதாக அறிகிறேன். விசாரணை முடிந்த பின், விதிகளில் இடமிருந்தால், அதன் நகல் ஒன்றை அந்த அம்மாவுக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. யாரும் வற்புறுத்தாமல், எனக்குத் தெரிந்த உண்மையை மட்டுமே கூறியிருக்கிறேன் என்று உறுதியளித்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)