அழுவுற மூஞ்சி

தேசப்பன்: நானா? நான் அதத் தொடவே இல்ல மேடம்...

அர்ஃபா: எப்பவும் அர்ஃபாம்மானு தான கூப்புடுவீங்க. இன்னிக்கு இன்னா புதுசா மேடம்?

தேசப்பன்: கண்ணி அறுந்து கீதும்மா. இந்த வலைய முடிச்சிட்டு...

அர்ஃபா: வலையப் பாக்காதீங்கண்ணா, என்னப் பாருங்க. மீன் ஆபீஸ் வாசல்ல ஸ்கிரீன் வெச்சிருக்காங்க இல்ல? வேல நல்லா நடந்துச்சுனா சிரிக்கிற மூஞ்சி. இல்லனா அழுவுற மூஞ்சி. உங்க டீசல் மானியக் கார்ட அன்னிக்கே குடுத்தேனா இல்லியா?

தேசப்பன்: குடுத்த. டீ கூட வாங்கித் தந்த.

அர்ஃபா: அப்புறம் எதுக்கு அழுவுற மூஞ்சியத் தொட்டீங்க?

தேசப்பன்: கை தவறி...

அர்ஃபா: லைட்ஹவுஸ் குப்பம் மொத்தத்துக்குமா கை தவறும்? நான் லஞ்சம் கேட்டனா? யாரையாவது அலைய வுட்டனா?

தேசப்பன்: அப்டிலாம் பேசாதம்மா. உன்ன மாதிரி ஒரு ஆபீசரு...

அர்ஃபா: மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் மார்க்கப் படிச்சாங்கண்ணா. கடைசி நான் தான். அவமானமா இருந்துச்சு.

தேசப்பன்: ...வெளிய சொல்லக் கூடாதுனு ஊர்க்கூட்டத்துல பேச்சு.

அர்ஃபா: கூட்டம் போட்டா இத முடிவு பண்ணீங்க?

தேசப்பன்: உனக்கு முன்ன ராஜேந்திரன் சார் இருந்தாரு. தங்கமான மனுசன். அல்லாரும் சிரிக்கிற மூஞ்சியாத் தொட்டோம். இன்னா ஆச்சு? பெஸ்ட் ஆபீசர்னு மால போட்டு மெட்ராசுக்கு இட்டுனு பூட்டாங்க.

அர்ஃபா: அதுக்கு...

தேசப்பன்: இரு, சொல்லிடறேன். அப்பால வந்தவன் ஆபீசத் தொறந்தாதான? ஒரு கையெழுத்துக்கு வருசம் பூரா அலைஞ்சோம். அப்பால நீ வந்த. உன்னையும் வுட்டுட்டா நாங்க எங்க போவோம்? நல்ல மார்க்கு போட்டா தான தூக்கினு போறாங்க. அதான் ஊரே சேந்து அழுவுறதத் தொட்டோம். நீ எங்கயும் போவாம இங்கயே இருக்கணும்னு.

அர்ஃபா: இதுக்காகவாண்ணா?

தேசப்பன்: ஆமாம்மா. கோவம்னா நாலு வார்த்த திட்டிடு. நாளைக்கு நானே ஆபீசுக்கு வந்து...

அர்ஃபா: நாளைக்கு வராதீங்கண்ணா.

தேசப்பன்: ஏன், லீவா?

அர்ஃபா: இந்த வருசம் ரூல மாத்திட்டாங்க. கடைசி மார்க் வாங்குனவங்களத்தான் தூரமா மாத்துறாங்க. எனக்கு ராமநாதபுரம். உம்மாவ இட்டுனு காலையில கெளம்புறேன். போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு சண்ட போட்டுட்டுப் போலாம்னு தான் வந்தேன்... இப்ப அதுவும் முடியல.