மூன்றாம் எண் பை

திராட்சை அறுவடைக் காலத்தில் ஹீல்ட்ஸ்பர்க் பக்கம் வாடகைக்கு நல்ல வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அதனால் நான் வசந்தத்திலேயே பதிவு செய்துவிடுவேன். இந்த வருடம் கிடைத்த வீட்டுக்குப் பின்னால் அகலமான மரத்தளம் இருந்தது. அங்கே உட்கார்ந்தால் கொடி வரிசைகள் சரிவில் இறங்கிப்போவது தெரியும். குளியலறையில் வெந்நீர் வரத்தான் நேரமாகும். வீட்டுக்காரியிடம் அதைச் சொல்ல நினைத்திருந்தேன், அதற்குள் இப்படி ஆகிவிட்டது.

ரோண்டாவுக்கு ஒயின் யார் கொடுத்தது என்று கேட்டீர்கள், ஆபீசர். அறையில் இருந்த பாட்டிலை அவளே திறந்து குடித்தாள் என்று மார்சி உங்களிடம் சொல்லியிருப்பாள். அது பொய்யில்லை. ஆனால் குப்பைத் தொட்டியிலிருந்து வேறொரு காலி பாட்டிலை எடுத்து நீங்கள் மோந்து பார்த்ததை நான் சன்னல் வழியாகக் கவனித்தேன். உங்களுக்கு நல்ல மூக்கு. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் முதலிலிருந்து சொல்ல விடுங்கள்.

நாங்கள் நாலு பேர். நான், ரோண்டா, மார்சி, மார்சியின் கணவன் டுவைட். நாங்கள் மூன்று பெண்களும் கல்லூரி நாளிலிருந்து ஒன்றாக இருப்பவர்கள். வருடத்துக்கு ஒரு வார இறுதி இப்படிக் கிளம்பிவிடுவோம். ஒயின் ஆலை ஒவ்வொன்றாகப் போய் ருசி பார்ப்போம், வாத்துக்கறி சாப்பிடுவோம், பழைய காதலர்களைத் திட்டுவோம். நான் பல வருடம் ஒரு ஒயின் ஆலையின் ருசி பார்க்கும் கூடத்தில் ஊற்றிக் கொடுக்கும் வேலை பார்த்தவள். எங்கள் கூட்டத்தில் என் நாக்குச் சொன்னால் அதுதான் தீர்ப்பு. டுவைட் பெயின்ட் கடைக்காரன். எதைக் குடித்தாலும் “செர்ரி வாசனை” என்பான், கண்ணை வேறு மூடிக்கொள்வான்.

ரோண்டா ஒரு காலத்தில் குடித்தாள் என்று சொன்னால் போதாது. சாண்டா ரோசாவில் நான் அவளைத் தோளில் சாய்த்து இழுத்து வராத மதுக்கடை இல்லை. வாந்தியைக் கழுவினேன். அவள் மேலாளருக்குப் போன் செய்து அவளுக்குக் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். கார் சாவியை ஒளித்து வைப்பது எனக்குக் கைவந்த கலை. அவள் மகள் ப்ரின் பள்ளிக்கூட வாசலில் கடைசி ஆளாக நிற்கும்போது போய் அழைத்து வந்து, சீஸ் ரொட்டி சுட்டுக் கொடுத்ததும் நான்தான். என் கணவன் கார்ல் ஒருநாள் சமையலறை வாசலில் நின்று, “உனக்கு நான் வேணுமா, அவ வேணுமா? இன்னைக்குச் சொல்லிடு” என்றான். அடுப்பில் சூப் இருந்தது, ரோண்டாவுக்கு எடுத்துப்போக வைத்த சூப். அதை இறக்கிவிட்டுச் சொல்லலாம் என்றிருந்தேன். அவன் அதுவரை நிற்கவில்லை.

பிறகு ரோண்டா குடியை விட்டாள். என்னால் அல்ல. ஏதோ ஒரு தேவாலயத்து நிலவறையில் மடக்கு நாற்காலி போட்டு, ஆறிப்போன காபி குடித்துக்கொண்டு, முன்பின் தெரியாத மனிதர்கள் அவளை மாற்றினார்கள். அங்கே குடிக்காமல் கடத்திய ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வெண்கல நாணயம் தருவார்கள். ஐந்தாவது நாணயம் வாங்கிய நாளில் என்னையும் அழைத்திருந்தாள். நான் எலுமிச்சை கேக் செய்து கொண்டுபோனேன். அவள் எழுந்து நின்று எல்லோருக்கும் நன்றி சொன்னாள். மகளுக்குச் சொன்னாள், வழிகாட்டிக்குச் சொன்னாள், காபி போடுகிற கிழவருக்குக்கூடச் சொன்னாள். கடைசியாக என் பக்கம் திரும்பினாள்.

“கொரின் மாதிரி ஒருத்தி யாருக்கும் கிடைக்க மாட்டா. நான் விழுறதுக்கு முன்னாடியே மெத்தை விரிச்சு வச்சிருப்பா. அவ மட்டும் இல்லேன்னா நான் பத்து வருசம் முன்னாடியே குடிய விட்டிருப்பேன்.”

கூடம் முழுக்கச் சிரித்தது. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்து, வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் அதை அன்பாகத்தான் சொன்னாள், எனக்குத் தெரியும். நான் கேக்கை வெட்டி எல்லோருக்கும் கொடுத்தேன். எனக்குக் கசந்தது. அந்தக் கசப்பு இன்றுவரை நாக்கை விட்டுப் போகவில்லை.

இந்த வருடம் ஜூலையில் போன் செய்தாள். மகள் இருக்கும் ஓரிகானுக்கே போய்விடுகிறாளாம். ப்ரினுக்குக் குழந்தை பிறந்திருந்தது, வேலைக்குத் திரும்பவேண்டும், பகலில் பார்த்துக்கொள்ள அம்மா வந்தால் நல்லது என்று கேட்டிருக்கிறாள்.

“ஆனா கண்டிப்பாச் சொல்லிட்டாடி. ஒரு சொட்டு பட்டாலும் அத்தோட சரி, அதுக்கப்புறம் பேத்திய கண்ணால பாக்க முடியாதுன்னுட்டா. நியாயம்தானே?”

“நியாயம்தான்” என்றேன்.

“நீ லீவு கெடைக்கும்போது வாடி. சோபா இருக்கு, படுத்துக்கலாம்.”

என் வாழ்க்கையைக் கொடுத்தேன். எனக்குச் சோபா.

இப்போது அந்தப் பாட்டிலுக்கு வருகிறேன். சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. பாட்டில்களைக் காகிதப் பைக்குள் போட்டுக் கழுத்தைக் கட்டி, பையின் மேல் எண் எழுதிவிடுவோம். எது என்ன ஒயின் என்று மற்றவர்கள் ருசித்துச் சொல்லவேண்டும். பை கட்டியவர் ஆட்டத்தில் சேரக்கூடாது, பொய்யும் சொல்லக்கூடாது. அவர் சொன்னால் அதற்கு மறுபேச்சில்லை. எப்போதும் நான்தான் கட்டுவேன். ரோண்டா குடியை விட்ட பிறகு, அவளும் கூட இருக்கட்டும் என்று ஆல்கஹால் நீக்கிய ஒயின் ஒன்றையும் சேர்த்துக் கட்ட ஆரம்பித்தேன். அது மூன்றாம் எண் பை. அதிலிருந்து அவள் மட்டும் குடிப்பாள். குடித்துவிட்டு “நனஞ்ச அட்டப்பெட்டி” என்று தீர்ப்புச் சொல்வாள். வருடா வருடம் அதே சொல், வருடா வருடம் நாங்கள் சிரிப்போம்.

இந்த முறை அவள் ஒரு வாய் எடுத்தாள். சிரிக்கவில்லை.

“கொரின், இது சுடுதுடி.”

“மிளகுடி. இப்பல்லாம் காரம் தெரியுற மாதிரி செய்றாங்க.”

“நெசமாவா?” என்று கோப்பையை என்னிடம் நீட்டினாள். முகம் வெளுத்திருந்தது. பயந்த குழந்தை மாதிரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கோப்பையைச் சுழற்றினேன், மோந்தேன், ஒரு வாய் குடித்து நாக்கில் நிறுத்திப் பார்த்தேன். முறைப்படி செய்தேன்.

“ஒண்ணும் இல்லடி. ஆல்கஹால் இருந்தா எனக்குத் தெரியாதா?”

“உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியப்போகுது” என்று வாங்கிக் குடித்தாள். டுவைட் தன் கோப்பையைத் தூக்கி, “இந்த வருசம் அட்டப்பெட்டி நல்லா ஊறியிருக்கு போல, ரோண்டா இன்னொரு கோப்ப கேக்குறா பாரு” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான் இன்னொரு கோப்பை ஊற்றினேன்.

கடைசியில் பைகளை உருவினோம். மூன்றாம் பைக்குள் இருந்த பாட்டிலில் ஆல்கஹால் நீக்கியது என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. ரோண்டா அந்தச் சீட்டை விரலால் தடவித் தடவிப் படித்தாள். “அப்ப எனக்குத்தான் என்னமோ ஆயிடுச்சு” என்று மெல்லச் சொன்னாள். பாட்டிலை நம்பினாள், என்னை நம்பினாள், தன் உடம்பை மட்டும் நம்பவில்லை. தலை கனக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்று அறைக்குப் போனாள்.

கடையில் தவறாக அடைத்திருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கக்கூடும். அந்தப் பாவம் யார் மேலும் விழவேண்டாம். புறப்படுவதற்கு முன்பு என் வீட்டுச் சமையலறையில், அந்தப் பாட்டிலில் இருந்ததைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு, பினோ நுவா என்கிற மென்மையான சிவப்பு ஒயினை ஊற்றி, காரம் தெரியாமலிருக்கக் கொஞ்சம் திராட்சைச் சாறு சேர்த்தேன். திருகு மூடிதான், திரும்ப மூடுவது பெரிய வித்தை இல்லை. பதறிப்போய்ச் செய்த காரியமும் இல்லை. கலவை சரியாக வரும்வரை ருசி பார்த்துப் பார்த்துச் செய்தேன்.

இன்னொன்று. அந்தப் பக்கத்து வாடகை வீடுகளில் அறைக்கு அறை ஒரு வரவேற்புக் கூடை வைப்பார்கள். பாதாம், பிஸ்கட், உள்ளூர் ஒயின் ஒரு பாட்டில். வருடா வருடம் ரோண்டா பெட்டியை இறக்குவதற்குள் நான் அவள் அறைக்குப் போய் அந்தப் பாட்டிலை எடுத்துவிடுவேன். இந்த முறை எடுக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று மார்சியிடம் அழுதேன். நான் எதையும் மறப்பவள் இல்லை.

சாயங்காலம் நானும் மார்சியும் பாஸ்தா செய்தோம். “ரோண்டாவ எழுப்பட்டுமா?” என்று மார்சி கேட்டாள். “தூங்கட்டும் விடு, அசந்து போயிருக்கா” என்றேன். அறைக்குள் கண்ணாடி உரசும் சத்தம் எனக்குக் கேட்டது. அத்தனை வருடப் பழக்கம், அந்தச் சத்தம் எனக்கு எந்த வீட்டிலும் கேட்கும்.

ப்ரின் எப்படி ஞாயிற்றுக்கிழமை அங்கே வந்தாள் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. நான்தான் அழைத்தேன். மாமனார் மாமியாரைப் பார்க்கப் பெட்டலூமா வந்திருந்தாள், பக்கம்தானே. “அம்மாவுக்குச் சொல்லாத, ஆச்சரியமா இருக்கட்டும். குழந்தையையும் தூக்கிட்டு வா, காலைச் சாப்பாடு எங்களோட” என்றேன். “நீங்க ரொம்ப நல்லவங்க கொரின் அத்தை” என்றாள். சீஸ் ரொட்டி சாப்பிட்ட பெண் அல்லவா, மறக்கவில்லை.

ப்ரின் வந்து உட்கார்ந்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கொடிகளைக் காட்டிக்கொண்டிருந்தாள். ரோண்டா கதவைத் திறந்து வெளியே வந்தாள். தலை கலைந்து, இரவு உடையின் மார்பில் சிவப்புக் கறையோடு, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ப்ரின் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

“சத்தியம் பண்ணுனியேம்மா.”

“நான் நேத்து குடிக்கல கண்ணு. முதல்ல குடிக்கல. அது வெறும் அட்டப்பெட்டி. கொரினக் கேளு. கொரின், சொல்லுடி. சொல்லேன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்துபோய் அவள் தோளைப் பிடித்து, “பரவாயில்ல ரோண்டா. நான் இருக்கேன்ல” என்றேன்.

ப்ரினுக்கு அது போதுமாக இருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு, காரை எடுத்துக்கொண்டு போனாள். ரோண்டா என் கையை உதறினாள். என் கார் சாவி சாப்பாட்டு மேசைமேல், வெண்ணெய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. அன்றைக்கு அதை நான் ஒளித்து வைக்கவில்லை. அதை எடுத்துக்கொண்டு மகளைத் துரத்திப் போனவள் முதல் வளைவிலேயே காரோடு கொடிக்கம்பிகளுக்குள் இறங்கிவிட்டாள். கார் விபத்து மட்டும் என் திட்டத்தில் இல்லை. வேண்டுமானால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், என்னை நல்லவளாகக் காட்டுவதற்காக அல்ல, உண்மை என்பதற்காக.

இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது, நடக்கப் பல மாதம் ஆகும், படி ஏறவே கூடாது என்றார் மருத்துவர். ப்ரினுக்கு நானே போன் செய்தேன். எடுக்கவில்லை. ஓரிகான் கதை முடிந்தது. தேவாலயத்து ஆட்கள் ஒருநாள் பூங்கொத்தோடு வருவார்கள், மறுநாள் அவர்களுக்கு வேறு ஆள் கிடைத்துவிடும்.

நான் சொன்னதில் எதையும் மாற்றமாட்டேன், எங்கே கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மூன்றாம் பை விஷயம் ரோண்டாவுக்குத் தெரியவேண்டாம். தாங்கமாட்டாள். தானாகத்தான் மறுபடி குடியில் வழுக்கினோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பதே நல்லது, அந்த மாதிரி நேரங்களில் நான் சொல்வதைக் கேட்பாள்.

அப்புறம், என்னை எவ்வளவு நேரம் வைத்திருப்பீர்கள் என்று தெரிந்தால் நல்லது. சாயங்காலம் மருத்துவமனையில் பார்க்க விடுவார்கள், அவளுக்குச் சூப் எடுத்துப்போகவேண்டும். வீட்டில் எல்லாம் தயார். கீழறையை ஒழித்து, வெளிர்மஞ்சள் அடித்து, மெத்தைமேல் ரப்பர் விரிப்புப் போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் வாளி வைத்திருக்கிறேன். பெயின்ட் டுவைட் கடையில்தான் வாங்கினேன், ஆகஸ்டில். யாருக்கு அறை என்று கேட்டான். விருந்தாளிக்கு என்றேன். பாவம் ரோண்டா, இனி அவளைத் தனியாக விட முடியாது. குடிக்கிறவளைப் பார்த்துக்கொள்ள யாராவது வேண்டாமா?