முப்பத்தெட்டு டிகிரி

— சர்வர் சூட்டை அளக்கற சென்சாரைத் தேடச் சொல்லி, எல்லாக் கேள்விக்கும் 'எஸ்' கொடுத்துட்டேன்மா. இன்னும் 'சென்சார் எதுவும் இல்லை'ன்னுதான் சொல்லுது.

— அது அப்படித்தான் சொல்லும் சார். போர்டு புதுசு, லினக்ஸ் பன்னெண்டு வருஷப் பழசு. இந்த சென்சார் சிப் வர்றதுக்கு முன்னாடி வந்த லினக்ஸுக்கு இதை எப்படித் தெரியும்? இந்த சிப்பைப் படிக்கற டிரைவர் புரோகிராமைத் தனியா தயார் பண்ணிட்டேன். கொஞ்சம் தள்ளுங்க, ஏத்திடறேன்.

— பாத்துமா. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பூரா இதுலதான் இருக்கு. ஏதாவது ஏடாகூடமா ஆயிடப்போகுது.

— வாரத்துக்கு ரெண்டு தடவை தானா அணையுதே, அதைவிடவா? ஆங், ஏறிடுச்சு. சிபியு சூடு தொண்ணூத்தொண்ணு டிகிரி. விசிறி... ஜீரோ.

— ஜீரோவா?

— சுத்தவே இல்ல சார். சூடு தாங்காம தானா அணைஞ்சிருக்கு.

— அப்ப யாரும் அணைக்கல.

— யாரும் அணைக்கல. ஆனா ஒண்ணு புரியல. சென்சாரே வேலை செய்யாதப்ப, சுவர்ல அந்தத் திரையில சர்வர் சூடு முப்பத்தெட்டு டிகிரின்னு எப்படி ஓடுது?

— அந்தக் கதவைச் சாத்துமா.

— சாத்திட்டேன்.

— அந்த நம்பர் நான் எழுதினது. போர்டு மாத்தினதும் திரையில சூடு காட்டற கட்டம் காலியா நின்னுச்சு. மூணு நாள் முட்டிப் பாத்தேன். இத்தனை வருஷ சர்வீஸுக்கு அப்புறம் 'எனக்குத் தெரியல'ன்னு சொல்ல வாய் வரலைம்மா. சும்மா ஒரு நம்பர் போட்டேன், அப்புறம் சரி பண்ணிக்கலாம்னு.

— சரி, இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே. விசிறியை மாத்திடலாம்.

— அதோட போகலைம்மா. ரெக்கார்ட் ரூம்ல ஒரு அம்மா இருந்தாங்க. 'மெஷினைத் தொட்டா கை சுடுது சார்'னு தலைதலையா அடிச்சுக்கிட்டாங்க. மெஷின் ஏன் அணையுதுன்னு நடந்த விசாரணையில நான் திரையைக் காட்டி, 'முப்பத்தெட்டுல சுடுமா? இவங்கதான் பிளக்கைப் பிடுங்கறாங்க'ன்னேன். பத்து பேர் முன்னாடி. என் முகத்தையே பாத்தாங்க. 'ஆமா, நான்தான்'னு கையெழுத்துப் போட்டுட்டாங்க. ரெக்கார்ட் ரூம்லேருந்து அவங்களைத் தூக்கிட்டாங்க. அப்ப எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அதை நினைச்சாத்தான் சோறு இறங்க மாட்டேங்குது.

— இப்ப வாசல்ல டோக்கன் கொடுக்கறாங்களே, அந்த அக்காவா?

— பாத்தியா அவங்கள? நான் மூணு மாசமா பின்வாசல் வழியாத்தான் வர்றேன். பயந்து ஒத்துக்கிட்டாங்க, பாவம்.

— பயப்படல சார். காலையில உங்க ரூமுக்கு வழி கேட்டேன். சென்சார் பாக்க வந்திருக்கேன்னதும் உக்கார வச்சுப் பேசினாங்க. மெஷின் அணைஞ்சு கிடந்த அன்னிக்கும் திரையில முப்பத்தெட்டுன்னே இருந்துச்சாம். அது பொய் நம்பர்னு அப்பவே தெரியுமாம்.

— தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டாங்க?

— அவங்க பொண்ணுக்கு ஆபரேஷன் நடந்தப்ப நீங்க ரத்தம் கொடுத்தீங்களாம். 'அந்த மனுஷனை நாலு பேர் முன்னாடி தலைகுனிய வைக்க மனசு வரல. ஒரு நாள் தனியா வந்து அவரே சொல்லுவாரு'ன்னாங்க. அதுக்காகத்தான் மெயின் வாசல்லயே டியூட்டி கேட்டு வாங்கிக்கிட்டாங்களாம் சார்.