தலையைச் சாய்க்கும் செவலை

வத்தலகுண்டு பஸ் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றியதும் மலையேறியது. கண்டக்டர் ஊர் கேட்டதும், முன்சீட்டு அம்மாள் தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "கொடைக்கானல்" என்றாள். காலிச் சாக்குகளோடு எதிரில் இருந்த மிளகு வியாபாரி அவளையே பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. ஒங்க நாய் ஏதும் காணாமப் போயிருச்சா?"

"ஆமாங்கண்ணே, கொடைக்கானல் சந்தையில. ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பண்ணைக்காடு பிரிவு டீக்கடையில ஒரு செவலை நாய் கெடக்கு. வாழைத்தார் லாரியில வந்து எறங்குச்சாம். யாரு பேசுனாலும் ஒங்கள மாதிரியே தலையச் சாச்சுத்தான் கேக்குது. ஒரு காது கேக்காது போல."

"எனக்குத்தாங்க ஒரு காது கேக்காது. அதுக்கு ரெண்டும் நல்லாக் கேக்கும்."

பண்ணைக்காடு பிரிவுக்கு இன்னும் எத்தனையோ வளைவுகள் இருந்தன. அவள் பையை எடுத்துக்கொண்டு படிக்கட்டருகே போய் நின்றுவிட்டாள்.