ஏசமாட்டேன், சொல்லு மக்கா

நாகர்கோவில் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த காலம். தக்கலை பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு தாயும், பதினைந்து வயதிருக்கும் மகளும்.

“பொண்ணு பாத்துட்டுப் போனதுல இருந்து நீ வாயே தொறக்கல்ல. அம்மைகிட்ட சொல்லு மக்கா, ஏசமாட்டேன்.”

மகள் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தாயின் காதில் ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

தாய் உடனே பக்கத்து இருக்கைக்காரியிடம் திரும்பினாள். “கேட்டியளா அக்கா? இவளுக்குக் கொட்டாரம் ஊரு மாப்பிளை வேண்டாமாம். படிச்சு டீச்சர் ஆகணுமாம்!”

டிரைவருக்கும் கேட்டிருக்கும்.

“டீச்சரே, டிக்கெட் எடுத்தாச்சா?” என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நான் ஏசல்லியே மக்கா. வேற என்ன உண்டு மனசுல?”

“ஒண்ணும் இல்லம்மா.”

தாய் பெருமூச்சு விட்டாள். “பாத்தியளா அக்கா? பெத்தவகிட்ட மனசு தொறந்து ஒண்ணும் சொல்லமாட்டா.”